ஏழாவது பிரிவு

இன்று மாலை ஐந்தேகாலுக்கு
ஏழாவது பிரிவை அழித்தேன்.
ஒரு விரல் போதுமாக இருந்தது.

பின்கட்டு அறையில் ஜெயகௌரி
உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கலாம்.
அவ்வளவுதான் அதில்.
போன மாதம் நானே அடித்த வரி.
யார் வெல்வார் என்று அப்போது தெரியாது,
லாயர் தேவசகாயமும் மரியாதையாக இருந்தார்.

பிறகு விசாரணை நாள்.
அவள் பக்கம் ஒரே சாட்சி, ஒரு லோரிக்காரர்.
பினாங்குப் பாலத்தின் நடுவில் டயர் வெடித்து
பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார்,
முழங்கை வரை கிரீஸ்.
பத்து மணிக்கே எல்லாம் முடிந்திருந்தது.

"ஏழு வேண்டாம்" என்றார் லாயர்.
"எட்டை ஏழாக்கு."

ஆறு மணி ஃபெர்ரி. ரெண்டு வெள்ளி.
இப்போதெல்லாம் கண்ணாடிக்கு உள்ளே ஏசி,
கடல் வாசம் வருவதில்லை.
எதிரே பட்டர்வொர்த். அதற்குச் சற்றுத் தெற்கே
வானத்துப் பிறையைப் போலவே நாங்கள் எழுதும் ஊர்.
அங்கேதான் கெடாவின் படகுகள் ஒரு காலத்தில்
குவிந்து நின்றன,
தீவைத் திருப்பிக் கேட்டு.

கெடா. பாடப்புத்தகத்தில் கடாரம்.
கடாரம் என்றதும் நமக்கு
கொண்டவன் பட்டம்தான் நாவில் வரும்.
கொடுத்த ஊர் மறுநாள் எதை வைத்து உலை ஏற்றியது,
கேட்டதில்லை, நானும்தான்.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று, ஏப்ரல்.
கம்பெனியின் சிப்பாய்கள் சில நூறு பேர்
இருட்டோடு கடல் தாண்டி
முந்திக்கொண்டார்கள்.
கோட்டை போயிற்று. படகுகள் கலைந்தன.
சில வாரத்தில் காகிதம் வந்தது:
ஆண்டுக்கு ஆறாயிரம் வெள்ளி,
தீவு கம்பெனி கையில் இருக்கும்வரை.

அரண்மனை முதலில் கேட்டது காசில்லை.
வடக்கிலிருந்து சயாம் வந்தால்
கூட நிற்பீர்களா?
ஒரு வரி.
அந்த ஒரு வரி அதில் இல்லை.

அன்றிரவு ஒரு நாய் குரைத்திருந்தால்.
நீர் வற்றி, கம்பெனிப் படகு ஒன்று
சேற்றில் தட்டி நின்றிருந்தால்.
சிப்பாய்கள் விடியலில் நனைந்த துப்பாக்கியோடு
திரும்பி வந்திருப்பார்கள்.
மேசையின் இந்தப் பக்கம் கம்பெனி,
கழுத்துப்பட்டி வியர்க்க ஒரு குமாஸ்தா,
என் உத்தியோகம்தான் அவனுக்கும்,
மை தொட்டு எழுதியிருப்பான்:
சயாம் வந்தால்.

முப்பது வருடத்தில் சயாம் வந்தது.
பாயும் பானையும் பிள்ளைகளுமாக
இந்தக் கரைக்குத் தப்பி வந்தவர்கள்
அவரவர் வீட்டிலேயே
அன்றைய சோற்றைச் சாப்பிட்டிருக்கலாம்.

இருந்திருக்கலாம்தான்.
பன்னிரண்டு வருடமாகப் பத்திரம் அடிக்கிறேன்;
கையெழுத்து காய்வதற்குள்
வரியை விழுங்கத் தெரிந்தவர்களுக்கு
காப்பி கலந்து கொடுத்திருக்கிறேன்.
கம்பெனியும் விழுங்கியிருக்கும்.
ஆனால் எழுதிய வரி என்றால்
அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலில் நிற்கலாம்.
எழுதாத வரியை
எந்த வாசலில் கொண்டுபோய் நீட்டுவது?

இன்னொன்றும் தோன்றுகிறது.
அன்று அது அப்படி முடிந்திருந்தால்
இந்த இருக்கையில் நான் இல்லை.
வேறொருத்தி, வேறு பாஷையில் அலுத்துக்கொண்டு,
அந்த இரவு நாம் தோற்றிருந்தால்
என்று யோசித்துப் பார்ப்பாள்.
அவள் யோசனையில்
தேவசகாயத்தின் அலுவலகம் வருமா?
வராது. நல்லது.

ஃபெர்ரி துறையில் இடிக்கிறது.
எல்லோரும் எழுந்துவிட்டார்கள்,
கதவு திறக்கும் முன்பே.

அன்றைக்கு நீதிமன்றத்தில்
மதியம் கோப்பு வாங்க மறுபடி போனேன்.
லோரிக்காரர் கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு,
சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டு,
வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
கூப்பிடுவார்கள் என்று
ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும்
பாதி எழுந்தார்.